1768ஆம் வருடத்துப் போர்த்துகீசியத் தங்கக்காசு: வாங்கலாமா?

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நான் மூன்று வருடமாக லிஸ்பனில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமை காலையில் ஃபெய்ரா ட லாட்ரா சந்தையைச் சுற்றி வருவது பழக்கம். போன மாதம் அங்கே ஒரு பெரியவரிடம் ஒரு தங்கக்காசு பார்த்தேன். ஒரு பக்கம் இலைமாலை சூடிய ராஜாவின் தலை, அடியில் 1768, அதை ஒட்டி 'ஆர்' என்று ஓர் எழுத்து. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். எவ்வளவு மதிப்பு என்று காசில் எங்குமே இல்லை. '6400 ரெயிஸ் (போர்த்துக்கலின் பழைய பணம்), பிரேசில் தங்கம்' என்றார். அவர் தராசில் 13.9 கிராம் காட்டியது. அதில் உள்ள தங்கத்தின் விலையைப்போல இரண்டு மடங்கு கேட்கிறார். இரண்டு படம் இணைத்திருக்கிறேன். அதே மேசையில் இன்னொரு பெரிய காசு, சிலுவை போட்டது, 'வாஸ்கோ ட காமா காலத்துப் போர்த்துகேஸ்' என்று 80 யூரோ சொன்னார். எனக்கு நாணயம் சேர்த்துப் பழக்கமில்லை. ஆனால் அன்றிலிருந்து நினைப்பெல்லாம் அந்த 1768லேயே இருக்கிறது. வாங்கலாமா? போர்த்துக்கல் ராஜாவின் காசைப் பிரேசிலில் ஏன் அடித்தார்கள்? இதை முதலீடாகப் பார்க்கலாமா? அம்மாவிடம் சொன்னால், 'அந்தப் பணத்துக்கு நகைக்கடையில் சவரன் வாங்கிப் போடு' என்கிறார்.
பெயர் வேண்டாம், லிஸ்பன்

பதில்:

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் பார்க்கலாம். காசு அசலாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனாலும் அந்த விலைக்கு அதை வாங்காதீர்கள். இதே வகைக் காசு, இதே ராஜா, இதே ரியோ நாணய அச்சகம், இதைவிட நல்ல நிலையில் உங்களுக்குக் கிடைக்கும், கொஞ்சம் பொறுத்தால் போதும்.

நீங்கள் அனுப்பிய முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ராஜாவின் தலைக்கு நேர் மேலே, கடிகாரத்தில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், விளிம்பு ஒரு நெல் நீளத்துக்கு மழுங்கி இருக்கிறது, அந்த இடத்தில் நிறமும் லேசாகச் சிவந்திருக்கிறது. அது பற்றவைப்பின் தழும்பு. யாரோ ஒரு காலத்தில் வளையம் வைத்து இதைச் சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறார்கள், பிறகு வளையத்தை எடுத்துவிட்டு அரத்தால் தேய்த்திருக்கிறார்கள். நம் ஊரில் காசுமாலை கோத்த மாதிரி போர்த்துக்கலிலும் இந்தக் காசுகளைப் பெண்கள் கழுத்தில் போட்டுக்கொள்வது உண்டு. அது ஒன்றும் பாவமில்லை, ஆனால் சேகரிப்பவனின் கண்ணில் தழும்பு தழும்புதான். இரண்டாவது படத்தில் கேடயத்தைச் சுற்றியுள்ள வெற்றுத் தளம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது, ஆனால் கிரீடத்தின் முத்துக்கள் ஒன்றோடொன்று கரைந்து போயிருக்கின்றன. தளம் மின்னி, மேடான பகுதி மழுங்கியிருந்தால் பாலிஷ் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இயற்கையாகத் தேய்ந்த காசு இப்படி மின்னாது.

மூன்றாவது சாட்சி அவருடைய தராசு. இந்தக் காசின் சட்டப்படியான எடை 14.34 கிராம். கைமாறிக் கைமாறிப் புழங்கிய காசு 14.2, 14.3 என்று நிற்கும். 13.9 என்றால் அரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காணோம். இவ்வளவு எடை வெறும் கைபட்டுப் போயிருக்காது. அரமும் பாலிஷ் சக்கரமும் சேர்ந்து எடுத்தது, அல்லது அதற்கும் முன்னால் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே யாராவது விளிம்பைச் சீவியிருக்கலாம், அப்போது அது ஒரு தொழிலாகவே நடந்தது.

சரி, இப்போது காசின் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனதில் அது நிற்பதற்குக் காரணம் தங்கம் இல்லை என்று நினைக்கிறேன்.

பிரேசிலின் உட்பகுதியில், இன்று மினாஸ் ஜெராயிஸ் என்று சொல்லும் மலைநாட்டில், 1690களில் தங்கம் கண்டுபிடித்தார்கள். ஆற்று மணலை அலசினால் தங்கம். அலசியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் ஏற்றி வரப்பட்ட அடிமைகள், இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நின்று, இதையும் சேர்த்துத்தான் காசைப் பார்க்க வேண்டும். எடுத்ததில் ஐந்தில் ஒரு பங்கு அரசருக்கு, அதற்குக் 'கிண்டோ' என்று பெயர். அந்த வரிக்குத் தப்ப மரத்தால் செய்த புனிதர் சிலைகளைக் குடைந்து உள்ளே தங்கப்பொடி அடைத்துக் கடத்தினார்கள் என்று சொல்வார்கள், பிரேசிலில் வெளிவேஷக்காரனை இன்றைக்கும் 'பொந்து மரத்துப் புனிதர்' என்றுதான் கேலி பேசுகிறார்கள். பொடியாக இருக்கும் வரை தங்கம் எங்கே போகிறது என்று ராஜாவுக்குத் தெரியாது. ஆகவே அங்கேயே உருக்கி, அங்கேயே வரி பிடித்து, அங்கேயே காசாக அடித்துவிட்டால் வேலை முடிந்தது. பிரேசிலின் முதல் அச்சகம் 1694ல் பாஹியாவில் திறந்தது, அப்புறம் ரியோவுக்குப் போனது, பெர்னாம்புகோவில் சில வருடம் இருந்தது, மறுபடி ரியோவில் வந்து நிலைத்தது. பாஹியாவில் மீண்டும் 1714ல் திறந்தார்கள். 1720களில் தங்கம் தோண்டிய இடத்திலேயே, மினாஸின் விலா ரிகாவில், ஒன்று வைத்தார்கள், ஏறக்குறைய பத்து வருடம்தான் ஓடியது. ரியோ என்றால் ஆர், பாஹியா என்றால் பி, மினாஸ் என்றால் எம். நீங்கள் பார்த்த ஆர் அதுதான். லிஸ்பனில் அடித்ததில் பெரும்பாலும் எழுத்தே இருக்காது.

அந்தக் காலத்தில் போர்த்துக்கல் ராஜா ஐந்தாம் ஜோவாவ் கையில் பணம் தண்ணீராக ஓடியது. லிஸ்பனிலிருந்து ஒரு மணி நேரத்தில் மாஃப்ரா அரண்மனைக்குப் போய்விடலாம், பார்த்திருப்பீர்கள், அவ்வளவும் பிரேசில் தங்கம் கட்டியது. 1724 முதல் 1727 வரை அவர் மினாஸில் அடித்த 'டோப்ராவோ' ஒன்று 53.78 கிராம், சிலுவையின் நான்கு மூலையிலும் நான்கு எம். கையில் வாங்கியவர்களுக்குத்தான் அந்தக் கனம் தெரியும். எனக்கு ஒரே ஒரு முறை, ஒரு சொத்துப் பிரிப்பில் மதிப்புப் போடக் கூப்பிட்டபோது, அது உள்ளங்கையில் கிடந்தது. மூன்று சகோதரர்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் காசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த டோப்ராவோவில் 20000 என்று எழுதியிருக்கும், ஆனால் அது ஓடிய மதிப்பு 24000 ரெயிஸ். அதே மாதிரி 4000 என்று பொறித்த காசு கடையில் 4800க்குப் போகும். 1688ல் அரசாங்கம் தங்கத்தின் மதிப்பை இருபது சதவீதம் ஏற்றியது, காசில் இருந்த எண்ணை மட்டும் மாற்றவில்லை, அது பாட்டுக்குப் பழைய எண்ணோடு பல வருடம் ஓடியது. அந்த 4000 ரெயிஸ் காசைத்தான் 'மொயெடா ட ஓரோ', அதாவது தங்கக்காசு என்று சொல்லப்போய், ஆங்கிலேயன் வாயில் அது 'மொய்டோர்' ஆயிற்று.

ஆங்கிலேயன் ஏன் வந்தான் என்றால், 1703ல் மெத்யுன் ஒப்பந்தம். இங்கிலாந்துக் கம்பளித் துணி போர்த்துக்கலுக்கு, போர்த்துகீசிய ஒயின் இங்கிலாந்துக்கு. துணி வாங்கியது அதிகம், ஒயின் விற்றது குறைவு, மிச்சத்துக்குத் தங்கம் கொடுத்தார்கள். மினாஸில் தோண்டியது லிஸ்பன் துறைமுகத்தில் இறங்கி, ஒரு மூச்சு வாங்கிவிட்டு லண்டனுக்குக் கப்பல் ஏறியது. அப்போது லண்டன் அச்சகத்தின் தலைவர் யார் தெரியுமா, ஐசக் நியூட்டன். போர்த்துகீசியக் காசுகளின் எடையும் மாற்றும் அவருடைய அச்சகத்தில் சோதிக்கப்பட்டவைதான். மொய்டோர் இங்கிலாந்தில் 27 ஷில்லிங், உங்கள் 6400 ரெயிஸ் 36 ஷில்லிங், சொந்த ஊர்க் காசு மாதிரி புழங்கின.

உங்கள் காசின் வகை 1722க்குப் பிறகு வந்த புது முறை. பழைய காசில் சிலுவையும் கேடயமும் மட்டும், புதியதில் ராஜாவின் முகம். போர்த்துகீசியர் இதைப் 'பெஸா' என்பார்கள். பெரியவர் சொன்னது சரி, இதில் மதிப்பு எழுதியிருக்காது, எடைதான் மதிப்பு. இதற்கு இரண்டு மடங்கு எடையில் 12800 ரெயிஸ் ஒன்றும் அடித்து, 1730களின் தொடக்கத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெரியதை அமெரிக்கக் குடியேற்றங்களில் ஜோவாவின் லத்தீன் பெயரான 'யொஹான்னஸ்' என்பதிலிருந்து 'ஜோ' என்று கூப்பிட்டார்கள், 16 ஸ்பானிய டாலர். உங்களுடையது 'அரை ஜோ', 8 டாலர். ராஜா மாறி, உங்கள் காசில் இருக்கும் ஜோஸே வந்த பிறகும் பெயர் ஜோதான். மேற்கிந்தியத் தீவுகளில் இதை வெட்டினார்கள், சீவினார்கள், எடை குறைந்ததை நடுவில் துளைபோட்டுத் தங்க ஆணி அடித்துச் சரிக்கட்டினார்கள், தட்டான்கள் தங்கள் முத்திரையைக் குத்திப் பொறுப்பேற்றார்கள். நியூயார்க்கில் எஃப்ரெயிம் பிராஷர் என்ற தட்டான் தன் பெயரின் முதலெழுத்துகளைக் குத்திய அரை ஜோ இன்று ஏலத்துக்கு வந்தால் சாதாரணக் காசின் விலையை மறந்துவிட வேண்டியதுதான். காயம் மதிப்பைக் கூட்டுவது இப்படி அபூர்வமாக நடக்கும். உங்கள் காசின் வளையத் தழும்பு அந்த ரகம் இல்லை.

அப்புறம், அந்த முகம். ஜோஸே ராஜா. 1755 நவம்பர் 1ஆம் தேதி லிஸ்பன் பூகம்பம், நெருப்பு, கடல் மூன்றும் ஒரே நாளில் வந்தது, நீங்கள் நடக்கும் பைஷா வட்டாரத் தெருக்கள் எல்லாம் அதற்குப் பிறகு போட்டவை. அதிலிருந்து மனிதருக்குக் கல்கட்டடம் என்றாலே பயம். அஜுடா மேட்டில் மரத்தால் ஒரு அரண்மனை, ஜனங்கள் அதை 'ராஜ கொட்டகை' என்றார்கள், 1777ல் சாகும் வரை அங்கேதான். ஆக 1768ல் ரியோவில் மாலை சூடி இப்படி கம்பீரமாகப் பொறிக்கப்பட்டவர், அந்த இரவு மரப்பலகைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார். மினாஸ் தங்கமும் அப்போது இறங்குமுகம். வருடத்துக்கு 100 அரோபா, நம் கணக்கில் ஏறக்குறைய 1470 கிலோ, அரசருக்குத் தர வேண்டும் என்று 1750ல் நிர்ணயித்தார்கள், 1760களில் அதை எட்டத் திணற ஆரம்பித்துவிட்டது. பாக்கியை மொத்தமாக வசூலிப்பார்கள் என்ற பயத்தில்தான் 1789ல் விலா ரிகாவில் அரசருக்கு எதிரான சதித்திட்டம், அதில் மாட்டிய டிராடென்டெஸ் தூக்கில் தொங்கியது, எல்லாம்.

இவ்வளவும் சொன்னது உங்களைக் கிளப்பிவிட அல்ல. ரியோவில் அடித்த ஜோஸே பெஸா ஏராளமாகக் கிடைக்கும் காசு. நல்ல கதை உள்ள காசு எல்லாம் அபூர்வக் காசு அல்ல, புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை விடுகிறார்கள். ஏராளமாகக் கிடைப்பதில் தழும்புள்ளதற்கு இரண்டு மடங்கு எதற்கு?

விலையை எப்படிப் பார்ப்பது? அம்மா சொல்வதிலிருந்தே தொடங்கலாம். நம் நகைக்கடை 916 என்பது 22 காரட், 24ல் 22 பங்கு. பெஸாவும் அதே 22 காரட்தான், 250 வருடத்துக்கு முந்தைய 916. எடை 14.34 என்றால் சவரன் கணக்கில் ஒன்றே முக்காலுக்குச் சற்று மேல், அதில் சுத்தத் தங்கம் 13.1 கிராம். அன்றைய சுத்தத் தங்கத்தின் கிராம் விலையால் பெருக்குங்கள், அதுதான் அடிமட்டம். அதற்கு மேல் கொடுப்பது நிலைக்கும் வருடத்துக்கும் அச்சகத்துக்கும். தழும்பும் பாலிஷும் உள்ள 13.9 கிராமுக்கு நான் என்றால் தங்க விலையோடு கொஞ்சம், அவ்வளவுதான். அதற்கு அவர் இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கையில் வைத்துப் பழகத் தழும்புக் காசு நல்லது, கீழே போட்டாலும் மனசு பதறாது.

சோதனைக்கு ஒரு தராசு வாங்கிவிடுங்கள், 0.01 கிராம் காட்டுவது, விலை அதிகமில்லை. சமையலறைத் தராசு உதவாது. ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள், காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீரில் முழுக்க முங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய தண்ணீரின் எடை. 14.3 கிராம் காசுக்கு அது 0.81, 0.82 என்று வர வேண்டும், காசின் எடையை அதனால் வகுத்தால் பதினேழரைக்குப் பக்கத்தில் ஒரு எண். தங்கமுலாம் பூசிய வெள்ளி என்றால் 1.3க்கு மேல் காட்டிக் கொடுத்துவிடும். நகைக்கடையில் உள்ள எக்ஸ்ரே கருவி மேல்தோலைத்தான் பார்க்கும், அதனால் தண்ணீர்ச் சோதனையும் சேர்ந்துதான் முழுச் சோதனை. உரைகல்லில் மட்டும் யாரையும் தேய்க்கவிடாதீர்கள். ஊரில் ஓர் ஆசாரி நல்ல மனசோடு ஒரு காசின் விளிம்பை உரசிப் பார்த்து 'அசல் தங்கம் தம்பி' என்று திருப்பிக் கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவர் சொன்னது உண்மைதான், காசு போனதும் உண்மைதான்.

ஆனால் சரியான எடை, சரியான மாற்று இரண்டும் இருந்தும் போலியாக இருக்கலாம். என் தொழிலின் ஆரம்பத்தில், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு பழைய கடையில் 4000 ரெயிஸ் ஒன்று வாங்கினேன். 22 காரட், எடை சரி, வீட்டுக்கு வந்து மூன்று நாள் சந்தோஷம். இரண்டு மாதம் கழித்து வேறு ஊரில் வேறொருவரிடம் அதே வருடத்துக் காசு. எடுத்துப் பார்த்தால் 4000ன் கடைசிப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு பிறை வடிவக் கீறல், என் காசில் இருந்த அதே கீறல், அதே இடம், அதே கோணம். அச்சில் உள்ள குறை இரண்டு காசில் வரலாம், அது மேடாகத் தெரியும். பள்ளமான கீறல் காசு பிறந்த பிறகு விழுவது, இரண்டு காசில் ஒன்றுபோல விழாது. ஒரு அசல் காசிலிருந்து அச்செடுத்து இரண்டையும் வார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து நான் முகத்தைப் பார்க்கும் முன் பூதக்கண்ணாடியில் எழுத்தின் அடிவாரத்தைத்தான் பார்ப்பேன். அடித்த காசில் எழுத்து தளத்திலிருந்து செங்குத்தாக எழும்பும், வார்த்த காசில் சோப்பில் செதுக்கினது மாதிரி உருண்டு வழியும், சின்னச் சின்னக் குழிகள் இருக்கும், விளிம்பின் நடுவில் ஒரு கோடு ஓடினால் பேச்சே வேண்டாம்.

வாங்குவது என்று முடிவு செய்தால் சந்தையைவிட ஏலம் மேல். ஏலம் என்ற சொல்லையே நாம் அவர்களுடைய 'லெயிலாவ்' என்பதிலிருந்து எடுத்துக்கொண்டோம், இவ்வளவு காலம் கழித்து அவர்கள் ஊர் ஏலத்திலேயே போய் உட்காருங்களேன். லிஸ்பனிலும் போர்ட்டோவிலும் பழைய ஏல வீடுகள் உண்டு, காசை முந்தின நாளே கையில் வாங்கிப் பார்க்கலாம். நிலையைக் குறிக்க அவர்கள் சொல்லும் வார்த்தைகளைப் பழகிக்கொள்ளுங்கள். பிசி என்றால் புழங்கியது, எம்பிசி நன்றாக இருப்பது, அதற்கு மேல் பேலா, சொபெர்பா, கடைசியில் ஃப்ளோர் ட குன்யோ, அச்சிலிருந்து இப்போதுதான் இறங்கின மாதிரி. உங்களுக்கு எம்பிசி தாராளம். ஏல விலைக்கு மேல் கமிஷன் பதினைந்து, இருபது சதவீதம் சகஜம், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுக் கையைத் தூக்குங்கள்.

முதலீடு பற்றிக் கேட்டீர்கள். ஐரோப்பிய வரிச்சட்டத்தில் 'முதலீட்டுத் தங்கம்' என்று வாட் விலக்குப் பெற, காசு 1800க்குப் பிறகு அடித்ததாக இருக்க வேண்டும், ஆயிரத்தில் 900 பங்காவது தங்கம் வேண்டும், அடித்த நாட்டில் செல்லுபடியான காசாக இருக்கிறதோ இருந்ததோ வேண்டும், விலை தங்க மதிப்புக்கு மேல் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 1768 முதல் படியிலேயே நின்றுவிடுகிறது. தங்கத்துக்காக மட்டும் வேண்டும் என்றால் லூயிஸ் ராஜாவின் 10000 ரெயிஸ் இருக்கிறது, 1878 முதல் அடித்தது, 17.73 கிராம், அதே 22 காரட். அழகான காசு, கதை குறைவு. 1854ல் போர்த்துக்கல் தங்க நாணய முறைக்கு மாறியபோது ஆங்கிலேய சவரனையே 4500 ரெயிஸுக்குச் சட்டப்படி ஓடவிட்டார்கள், ஆக அம்மா சொல்லும் சவரனும் ஒரு காலத்தில் லிஸ்பன் கடைத்தெருவில் செல்லுபடியானதுதான். 1891ல் நெருக்கடி வந்து அந்த முறையே நின்றது. அம்மா சொல்வது முதலீடு என்ற அளவில் சரி. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி பழங்காசில் பெரியது, நாளைக்கே பணம் வேண்டும் என்றால் தங்க விலைக்குத்தான் எடுப்பார்கள்.

சேர்க்கத்தான் வேண்டும் என்று தோன்றினால் எனக்குப் பிடித்த ஒரு வரிசை சொல்கிறேன், நான்கே காசு, நான்கும் 6400 ரெயிஸ், நான்கும் 14.34 கிராம். முதலாவது, ஜோஸேயின் மகள் மரியாவும் கணவர் மூன்றாம் பெட்ரோவும் ஒன்றன்மேல் ஒன்றாக முகம் காட்டுவது, 1777 முதல். கணவர் அவருடைய சித்தப்பாவும்கூட. 1786ல் கணவர் இறந்தார், இரண்டாவது காசில் மரியா மட்டும், தலையில் விதவை முக்காடு. சில வருடத்தில் முக்காடு போய் மூன்றாவது காசில் கூந்தலில் நகை வந்துவிடுகிறது. ஆனால் உண்மையில் 1792ல் அவருக்கு மனநிலை சரியில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அவரால் ஆட்சி நடத்த முடியாமல் போன பிறகும் ரியோவில் பத்து வருடத்துக்கு மேல் அந்த நகை போட்ட முகமே வந்துகொண்டிருந்தது. நான்காவது, அவர் பெயரில் ஆண்ட மகன் ஜோவாவ். அவர்தான் 1807ல் நெப்போலியன் படைக்குத் தப்பி அம்மாவையும் அரசவையையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு பிரேசிலுக்குப் போனவர், அந்த அம்மா ரியோவிலேயே 1816ல் இறந்தார். இதில் எதுவும் அபூர்வமில்லை, வருடத்துக்கு ஒன்று வாங்கினால்கூட நான்கு வருடத்தில் முடிந்துவிடும்.

இன்னும் பழையதற்குப் போக ஆசை வரும். 1457 வாக்கில் ஐந்தாம் அஃபோன்சோ தொடங்கிய 'குருசாடோ', கான்ஸ்டான்டினோபிள் விழுந்தபின் போப் அழைத்த சிலுவைப் போருக்காக, ஆப்பிரிக்கத் தங்கத்தில் அடித்தது. பெயரிலேயே சிலுவை, நம் கடற்கரை ஊர்களின் 'குருசு', 'குருசடி' எல்லாம் அந்தக் குடும்பம்தான். நம் பக்கம் தொடர்புள்ளது வேண்டும் என்றால் கோவாவில் அடித்த 'சாவோ டொமே'. 1548ல் ஆளுநரான கார்சியா ட சா காலத்தில், புனித தோமையார் உருவத்தோடு, 'இந்தியா உனக்குப் பணிந்தது' என்ற பொருளில் லத்தீன் வாசகம் போட்டு வந்தது. தோமையார் என்றால் மயிலாப்பூர், அங்கேதான் அவர் கல்லறை என்று போர்த்துகீசியர் கோயில் கட்டியிருந்தார்கள். வாசகத்தைப் படித்தால் கொஞ்சம் கோபம் வரும், வரட்டும். விலை நம் கைக்கு எட்டாது என்பதால் கோபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. ஊருக்கு வரும்போது காசைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். 1972ஆம் வருடச் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய நாணயம் இந்தியாவில் தொல்பொருள், தனியார் வெளியே எடுத்துப்போகத் தடை. உள்ளே கொண்டுவந்த காசை மறுபடி லிஸ்பனுக்கு எடுத்துப்போவது லேசில் முடியாது. போர்த்துக்கலிலிருந்து வெளியே எடுப்பதற்கும் விதி உண்டு, ஏல வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். அங்கேயே வங்கிப் பெட்டகத்தில் இருக்கட்டும். விளிம்பைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், துடைக்கவே கூடாது, புளியும் வேண்டாம், பற்பசையும் வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் பதிலாக பைஷாவில் பழைய சாவோ ஜூலியாவ் தேவாலயத்துக்குள் இருக்கும் பண அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே ஒரு தங்கக்கட்டியைக் கையால் தொட்டுப் பார்க்கவும் விடுகிறார்கள். நாலைந்து அசல் காசை அருகில் பார்த்த கண்ணோடு பெரியவரின் மேசைக்குத் திரும்பிப் போனால் நான் சொன்ன தழும்பு தூரத்திலேயே தெரியும்.

கடைசியாக அந்த 80 யூரோ 'போர்த்துகேஸ்'. அசல் போர்த்துகேஸ் என்பது வாஸ்கோ ட காமா திரும்பி வந்த 1499ல் மனுவேல் ராஜா அடிக்கத் தொடங்கியது, பத்து குருசாடோ மதிப்பு, 35 கிராம், ஏறக்குறைய சுத்தத் தங்கம். கினியா, எத்தியோப்பியா, அரேபியா, பாரசீகம், இந்தியா என்று தன் பட்டங்களையெல்லாம் சுருக்கெழுத்தில் அதன் விளிம்பைச் சுற்றி எழுதிக்கொண்டார், வடக்கு ஜெர்மனியின் ஹாம்பர்க் போன்ற ஊர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் அதே மாதிரி அடித்தன. 1538ல் திரும்ப வாங்கி உருக்கிவிட்டார்கள், அதனால் மிஞ்சியது கொஞ்சம். 2008ல் நமீபியக் கடற்கரையில் வைரம் தோண்டியவர்களுக்கு மண்ணுக்குள் ஒரு கப்பல் கிடைத்தது, இரண்டாயிரத்துக்கு மேல் தங்கக்காசு, பெரும்பாலும் ஸ்பானியக் காசுகள். அவற்றுக்கிடையே மூன்றாம் ஜோவாவின் போர்த்துகேஸ் இருந்ததால்தான் கப்பல் 1525க்கும் 1538க்கும் நடுவில் மூழ்கியது என்று கணக்கிட்டார்கள். 1533ல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய பொம் ஜெசூஸ் ஆக இருக்கலாம் என்கிறார்கள். அப்படிப்பட்ட காசை உங்கள் பெரியவர் 80 யூரோவுக்கு விற்றால், ஒன்று அவருக்குத் தெரியாது, இல்லை அவருக்கு நன்றாகத் தெரியும். தராசில் வைத்துப் பாருங்கள், 35க்குப் பாதிகூட வராது. சுற்றுலாக்காரர்களுக்குச் செய்த பித்தளை. மேசையில் காகிதம் பறக்காமல் வைக்க வேண்டும் என்றால் ஐந்து யூரோவுக்குக் கேளுங்கள், கொடுத்துவிடுவார்.